பாதிச் சாட்சி

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை எந்தக் கிழமையில் விழும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். தெருமுனைக் கைப்பம்பில் குடம் குடமாக அடித்துச் சுமந்தேன். ரிட்டயர்டு தலைமையாசிரியைக்கு நல்ல உடற்பயிற்சி என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள்.

பத்து மணிக்கு உடன்குடிப் பக்கம் இருந்து ஐந்து பேர் வேன் பிடித்து வந்தார்கள், "சாட்சி ஐயா"வைப் பார்க்க. என் வீட்டுக்காரர் வேதமாணிக்கத்துக்கு இப்போது ஊர் ஊராக அதுதான் பெயர். ஆள் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் கேன்சர் வந்து, சுகமானார். ஆண்டவர் சுகமாக்கினார் என்று அதைக் கன்வென்ஷன் என்கிற ஜெபக்கூட்ட மேடையில் ஏறிச் சாட்சியாகச் சொன்னார். அன்றிலிருந்து நான் தினமும் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்குகிறேன்.

வந்தவர்களுக்கு முழுச் சாட்சியும் சொன்னார். நான் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன். பாதியில் குரல் கம்மியது. கனைத்தார். மறுபடியும் கம்மியது.

"பனியில நின்னுட்டேன், அதான்" என்றார்.

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊரில் ஏது பனி? தேரிக்காட்டுக் காற்று செம்மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிற மாதம் இது. வந்தவர்கள் அதற்கும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

இந்த டைரி மகள் ஷீபா சென்னையில் இருந்து அனுப்பியது. "மனசுல உள்ளதை எழுதுங்கம்மா, அப்பாகிட்ட கத்தாதீங்க" என்றாள். என் மனதில் ஒன்றும் இல்லை. வேலைதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு. உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு. மோட்டார் இன்னும் சரியாகவில்லை. தொண்டையும்தான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். அவர் ஆண்கள் வரிசையில் பாடகர் குழுவோடு நிற்பார். அடித்தொண்டையில் பாடுகிற ஆள் அவர் ஒருவர்தான். இன்று முதல் பாட்டில் அந்தக் குரல் இல்லை. வாய் மட்டும் அசைந்தது. எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் ராகம் பிடிக்கிறேன்.

ஆராதனையில் இரண்டு இடம் உண்டு. முதலில் ஸ்தோத்திர அறிவிப்பு. வேலை கிடைத்தது, வீடு கட்டியது, நோய் சுகமானது எல்லாவற்றையும் போதகர் பெயர் சொல்லி வாசிப்பார். அதற்கு ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு மன்றாட்டு. "வியாதியஸ்தரை நினைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டுப் போதகர் சற்று நிறுத்துவார். யார் வேண்டுமானாலும் இருந்த இடத்தில் இருந்து ஒரு பெயரைச் சொல்லலாம். ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் "ஆண்டவரே, கேட்டருளும்" என்று சொல்லும். என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்பதில்லை. வெளியே செருப்பு மாட்டும்போது கேட்பார்கள், அது வேறு.

இதில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஸ்தோத்திரத்தில் வாசித்த பெயரை அதே நோய்க்கு மறுபடி மன்றாட்டில் சொல்லக்கூடாது. சொன்னால் ஆண்டவர் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார் என்று ஆகிவிடுமாம். அதனால் ஸ்தோத்திரம் சொன்ன வீட்டில் மறுபடி காய்ச்சல் வந்தால் சத்தம் காட்டாமல் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். போன வருஷம் மகன் குடியை விட்டான் என்று ஸ்தோத்திரம் சொன்ன தாயார் ஒருத்தி, இப்போது அவனைத் தூக்கிப் படுக்க வைப்பதைப் பின்வாசல் வழியாகத்தான் செய்கிறாள். ஊருக்கே தெரியும். ஆலயத்துக்கு மட்டும் தெரியாது.

மத்தியானம் கோழிக்குழம்பு. அவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து விழுங்கினார். காரம் என்றார்.

ஆகஸ்ட் 19, சனி

திசையன்விளைப் பக்கம் ஒரு ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன். அதை நடத்துகிற பிரதர் காரை அனுப்பியிருந்தார். போகிற வழியெல்லாம் சுவரில் என் வீட்டுக்காரர் படம். பக்கத்தில் "மருத்துவம் கைவிட்டது, கர்த்தர் கைவிடவில்லை" என்று அச்சடித்திருந்தார்கள்.

மருத்துவம் எங்கே கைவிட்டது? மதுரையில் ஆறு வாரம் அறை எடுத்துத் தங்கி, தினமும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டு வந்தேன். தொண்டை வெந்து, கஞ்சி இறங்காமல், ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். முதல் கன்வென்ஷனில் அந்த ஆறு வாரத்தையும் அவர் சொல்லத்தான் செய்தார். அடுத்ததில் "ஏதோ கொஞ்சம் சிகிச்சை" என்று ஆனது. இப்போது அதுவும் போய், ஒரு ஜெபம், ஒரு ஒளி, மறுநாள் காலையில் குரல் என்று முடிகிறது. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். மேடையில் நேரம் குறைவு, மக்களுக்கு ஒளிதான் பிடிக்கிறது. நான் எந்த வாரத்தில் காணாமல் போனேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதனால் எனக்கு ஒன்றுமில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் முத்துக்கனி, பரமன்குறிச்சியாம். வீட்டுக்காரருக்கு நாக்கில் புண்.

"ஆஸ்பத்திரியில கரண்ட் வைக்கணும்னாவ டீச்சர். ஐயா சாட்சியைப் போன மாசம் கேட்டதுல இருந்து நாங்க போகல. விசுவாசமா இருக்கோம்."

"ஐயாவுக்கும் கரண்ட் வச்சுதாம்மா குணமாச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஐயா அப்படிச் சொல்லலியே டீச்சர்."

திரும்பி வரும்போது காரில் அவர் கேட்டார், "அந்தப் பொம்பளைட்ட என்ன சொன்ன?" சொன்னேன். ஊர் வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தாலும் இன்று சத்தம் வந்திருக்காது. மேடையில் கடைசிப் பகுதியைப் பிரதர்தான் அவருக்காகச் சொல்லி முடித்தார்.

ஆகஸ்ட் 25

மதுரை. ஷீபாவிடம் திருமண வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார் டாக்டர். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரர் "ஐயாவை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 1

மறுபடி வந்திருக்கிறது.

டாக்டர் நல்ல பிள்ளை, என்னிடம் படித்தவர்கள் வயதுதான் இருக்கும். மறைக்காமல் சொன்னார். கரண்ட் இனி வைக்க முடியாது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், அது வழியாக மூச்சு விடலாம். இந்த மாதத்துக்குள் செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. தள்ளிப்போட்டால் அவர் உறுதி சொல்ல மாட்டார்.

"பேச்சு?" என்று கேட்டார் இவர்.

"இந்தக் குரல் இருக்காதுய்யா. கருவி வச்சுப் பேசப் பழகிக்கலாம்."

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்று எழுந்துவிட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். டாக்டர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். மிக்ஸி பாதியில் நின்றது. அதை நன்றாகத் திட்டினேன். பத்து வருஷம் ஒழுங்காக உழைத்ததற்கு இதுதான் பலனா, இவ்வளவு நம்பினேனே, ஒரு நேரத்துக்கு உதவாமல் என்ன பிரயோஜனம் என்றெல்லாம் கேட்டேன். மிக்ஸியைத்தான்.

செப்டம்பர் 4

இன்று கேட்டேவிட்டேன். "எப்ப போறோம்?"

"போகல."

"ஏன்?"

"நான் எத்தனை மேடையில நின்னு சொல்லியிருக்கேன். இப்ப தொண்டையை அறுத்துட்டு வந்து நின்னா ஜனங்க என்ன சொல்லுவாவ? ஆண்டவரு நாமத்துக்குல்லா அவமானம்?"

"ஜனங்க சொல்லுதது கிடக்கட்டும். ஆண்டவரு என்ன சொல்லுதாரு?"

துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "அவரு ஒண்ணும் பேசல, வயலட்" என்றார்.

நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். அதன் பிறகு எப்படிப் போடுவது? கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஷீபாவுக்குச் சொல்லக்கூடாது, போதகருக்குச் சொல்லக்கூடாது, யாருக்குமே சொல்லக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். சரி என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதுவும் சோறே இறங்காத வீட்டில்.

செப்டம்பர் 8

அவர் தங்கை குணசீலி வந்தாள். வெற்றிலை போடாத குறையாக ஊர் நியாயம் எல்லாம் பேசுவாள், ஆனால் அண்ணன் மேல் உயிர். அவர் கரகரத்த குரலில் "வா" என்றதும் அவள் முகம் மாறியது. அடுக்களைக்குள் வந்து என் தோளைப் பிடித்தாள்.

"மைனி, அண்ணன் சத்தம் ஏன் இப்படி இருக்கு?"

"பனி."

"பனியில்ல. சத்துரு, அந்தச் சாத்தான், சாட்சியைத் திருடப் பாக்கான். பழைய நோவைக் காட்டிப் பயமுறுத்துவான். நீங்க அசையக்கூடாது மைனி. அண்ணன் சுகமாயிட்டாவ, சுகமாயிட்டாவ, சுகமாயிட்டாவன்னு சொல்லிட்டே இருங்க."

நான் சொல்லவில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே இருந்தேன். நான் ஆலயத்துக்குப் போகிற பெண்தான், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்தவள்தான். உடம்பின் சுகம் வேறு, இரட்சிப்பு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது என்று கரும்பலகையில் எழுதிக்கூடப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். இன்று குணசீலிக்கு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அழுதுவிடுவேன் என்று தோன்றியது. கத்தரிக்காய்க்கு அழுதேன் என்றால் யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 10, ஞாயிறு

துண்டில் கறை. பீட்ரூட் என்றார். எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கி மாதங்கள் ஆகின்றன. சோப்புப் போட்டு ஊற வைத்தேன்.

ஆலயத்துக்குப் போனோம். பாடகர் குழுவில் நிற்காமல் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். முட்டி வலி என்றாராம்.

செப்டம்பர் 12

எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைச் சரி செய்தார். குழாயில் தண்ணீர் வந்ததும் சந்தோஷமாக இருக்க வேண்டும். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன் என்று இல்லை. முழங்கால் போடுகிறேன். போட்டதும் மறுநாள் என்ன வாங்க வேண்டும் என்று நினைவு வந்துவிடுகிறது, எழுந்துவிடுகிறேன்.

செப்டம்பர் 13

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவராகத்தான் பேசினார்.

"திருச்செந்தூர் ஸ்டாண்டுல நான் ஒரு சத்தம் குடுத்தா, வெளிய டீ குடிக்கவன்லாம் கிளாஸை வச்சுட்டு ஓடி வருவான். டிரைவர்மாரு சொல்லுவாவ, ஹாரனே தேவையில்ல, வேதமாணிக்கம் போதும்னு."

"தெரியும்."

"அதை எடுத்துட்டா மிச்சம் என்னட்டி இருக்கு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆண்டவர் நாமம் என்று சொன்னதெல்லாம் ஒரு பங்குதான். மீதி, இந்த மனுஷனுக்குப் பயம். முதலிலேயே பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் மிக்ஸியைத் திட்டியிருக்க மாட்டேன்.

"நான் இருக்கேன்ல" என்றேன். அது பதிலாகாது என்று தெரியும்.

செப்டம்பர் 15

போதகரிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனேன். புதிதாக வந்திருக்கிற இளம்பிள்ளை, நல்லவர். அவர் மனைவி முறுக்கு வைத்தாள். விளைச்சலை ஆலயத்தில் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையைப் பற்றிப் பேசினோம், குரோட்டன்ஸ் செடி பற்றிப் பேசினோம். "ஐயாவுக்குச் சளி எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன். கையில் ஒரு குரோட்டன்ஸ் கிளையோடு வீடு வந்து சேர்ந்தேன். தைரியம் என்று ஒன்று எனக்கு இருந்ததாக ஞாபகம். பள்ளிக்கூடத்தோடு அதையும் ஒப்படைத்துவிட்டேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஒன்றும் தீர்மானித்துக்கொண்டு போகவில்லை. காலையில் இட்லி அவித்தேன், அவருக்குக் கரைத்துக் கொடுத்தேன், அரை டம்ளர்கூட இறங்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

ஸ்தோத்திர அறிவிப்பு முடிந்தது. யாரோ கார் வாங்கியிருக்கிறார்கள். பிறகு மன்றாட்டு. "வியாதியஸ்தரை நினைத்துக்கொள்வோம்" என்று போதகர் நிறுத்தினார். முன்னால் இருந்து ஒரு அம்மா தன் தங்கை பெயரைச் சொன்னாள். "ஆண்டவரே, கேட்டருளும்." ஆண்கள் பக்கம் ஒருவர் பேரன் பெயரைச் சொன்னார். "ஆண்டவரே, கேட்டருளும்." அப்புறம் அமைதி. மின்விசிறிச் சத்தம்தான். போதகர் அடுத்த விண்ணப்பத்துக்கு மூச்சை இழுத்தார்.

"வேதமாணிக்கம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதில்லை. நான் படித்தவள், தலைமையாசிரியை, எழுதுவேன், ஆனால் வாயால் சொன்னதில்லை. ஷீபா அப்பா என்பேன், ஏங்க என்பேன். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் ஒரு தடவை சொன்னது. இன்று இரண்டாவது தடவை.

சபை முழுவதும் "ஆண்டவரே, கேட்டருளும்" என்றது. பழக்கம். யார் பெயர் என்று காதில் விழுவதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. அதற்குள், இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்து, கிழிந்த துணி மாதிரி ஒரு குரலும் சேர்ந்து சொன்னது. "கேட்டருளும்." அது அவர் குரல்.

பிறகுதான் தலைகள் திரும்பின. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. குணசீலி வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் புத்தகத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார். மன்றாட்டுக்குப் போட்ட முழங்காலில் இருந்து நான் எழுந்திருக்கவில்லை.

செருப்பு மாட்டும் இடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். சோறு வைத்தேன். தொடவில்லை.

செப்டம்பர் 18

விடிந்ததும் விடியாததுமாகக் குணசீலி வந்துவிட்டாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"நீங்க இப்படிச் செய்வியன்னு நான் நினைக்கல மைனி. அண்ணன் சாட்சியை நீங்களே அழிச்சிட்டியளே! ஊருக்கு முன்னால, ஆலயத்துல வச்சு! உங்களுக்கு விசுவாசம் இல்லன்னா வீட்டோட இருந்திருக்கலாம்லா?"

அவள் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கதவு திறந்தது.

"குணசீலி" என்றார் அவர். நேற்று ஆலயத்தில் இருந்து வந்தபின் பேசாத குரல், காற்றுதான் கூடுதலாக வந்தது. "அவளை ஏசாத. நானும்தான் சொன்னேன்."

"என்ன சொன்னிய?"

"எல்லாரோடயும் சேந்து நானும் கேட்டருளும்னு சொன்னேன். வாய் தானா சொல்லிட்டு." கட்டிலில் உட்கார்ந்தார். "இத்தனை நாளா எனக்குன்னு நான் ஒரு தடவை கேக்கல பாத்துக்கோ. கேட்டா சாட்சி பொய்யாயிருமேன்னு கேக்கவே இல்ல. நேத்து அவ கேக்க வச்சிட்டா."

குணசீலி தரையில் உட்கார்ந்து அழுதாள். "மறுபடி வந்துட்டா அண்ணே? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் காபி போட்டேன். எனக்கும் ஒரு டம்ளர் போட்டுக்கொண்டேன். வெகுநாளைக்குப் பிறகு இனிப்புத் தெரிந்தது.

ஆபரேஷனுக்குப் போவோம் என்று அவரே சொன்னார். சாயங்காலம் ஷீபாவுக்குப் போன் செய்தோம். அவள் கத்தினாள், அழுதாள், டிக்கெட் போட்டாள்.

செப்டம்பர் 19

பின்வாசல் வழியாக ஒருத்தி வந்தாள். மகன் குடியை விட்டான் என்று ஸ்தோத்திரம் சொன்ன அந்தத் தாயார். "டீச்சர், அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் பேரை நான் சொல்லட்டா? ஏதும் தப்பா?" என்று கேட்டாள். என்னை எதற்குக் கேட்கிறாள்? நான் என்ன போதகரா? "சொல்லு" என்றேன். முருங்கைக்காய் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள்.

கன்வென்ஷன் பிரதர் போனில் கூப்பிட்டு அடுத்த மாதத் தேதி கேட்டார். இவர் என் கையில் இருந்து போனை வாங்கி, "ஆபரேஷன் பிரதர். சாட்சிக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். இவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சுவத்துல உள்ள என் படத்தைக் கிழிக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 21

"அந்தப் பரமன்குறிச்சிப் பிள்ளை வீடு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, விசாரிக்கலாம் என்றேன். இந்த உடம்போடு போக வேண்டுமா என்றும் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் போய், இரண்டு கடையில் கேட்டு, கண்டுபிடித்தோம். ஓட்டு வீடு. முத்துக்கனி ஐயாவைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் கட்டிலில் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஜெபிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தார்.

இவர் உட்காரவில்லை. "நான் அன்னைக்கு மேடையில பாதிதாம்மா சொன்னேன். மீதியைச் சொல்ல வந்திருக்கேன்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினார். ஆறு வாரம் மதுரையில் கரண்ட் வைத்தது, கஞ்சி இறங்காதது, எல்லாம் சொன்னார். "இவதான் கூட்டிட்டுப் போனா. இவ ஊத்தின கஞ்சியிலதான் நான் பிழைச்சேன். அதை நான் எந்த மேடையிலயும் சொல்லல." பிறகு, மறுபடி வந்திருக்கிறது என்பதையும், அடுத்த வாரம் அறுக்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னார்.

முத்துக்கனி கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நியாயம்தான். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "கேட்டியளா? நாளைக்குப் போவோம், என்ன?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். தாமதமாகவில்லை என்று எங்களுக்கு யார் சொல்வது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. என்னை அந்தச் சாட்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இவ்வளவு வலித்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, நகர்ந்துபோனார்.

செப்டம்பர் 26

மதுரை. சேர்த்துவிட்டோம். ஷீபா வந்துவிட்டாள். "அப்பா, ஒரு பாட்டுப் பாடுங்க, போன்ல பதிஞ்சு வச்சிக்கிறேன்" என்று கெஞ்சினாள். முயற்சி செய்தார். வரவில்லை. "போட்டும் பிள்ள, ஊரெல்லாம் கத்தியாச்சு" என்றார்.

செப்டம்பர் 28, வியாழன்

இன்று ஆபரேஷன்.

காலையில் பச்சை உடுப்பு மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கோவில்பட்டிக்காரர் ஒருவர், சங்கரலிங்கம் என்று பெயர். கன்னத்தில் கட்டி. அவருக்கும் இன்றுதான். கூட மகன் வந்திருந்தான், மருந்து வாங்கப் போயிருந்தான். என் கையில் பைபிளைப் பார்த்துவிட்டு எங்களைக் கேட்டார்.

"நீங்க வேதக்காரவியளா?"

"ஆமா."

"எனக்கும் சேத்து உங்க சாமிட்ட ஒரு வார்த்தை சொல்லுவியளா? எங்க சாமிட்டயும் சொல்லிட்டேன். பயம் போகல."

நான் சொல்கிறேன் என்று வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என்னைக் கையமர்த்திவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கினார். பச்சை உடுப்போடு, வெறுங்காலோடு நடந்துபோய்ச் சங்கரலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ கன்வென்ஷனில் அவர் ஜெபித்துப் பார்த்திருக்கிறேன். கையை உயர்த்துவார், சத்தம் கூரையைத் தட்டும், சுகம் தாரும் என்று கட்டளை போடுவார். இன்று பக்கத்தில் நின்ற எனக்கே குனிந்து கேட்டால்தான் கேட்டது.

"ஆண்டவரே, இவரு பேரு சங்கரலிங்கம். பயந்துட்டு இருக்காரு. நானும் பயந்துட்டுதான் இருக்கேன். உள்ள போறப்ப எங்க கூட வாரும். வெளிய வந்தாலும்..." மூச்சு நின்றது. இழுத்துப் பிடித்தார். "வெளிய வந்தாலும், வராட்டாலும், கூட இரும்."

அவ்வளவுதான்.

சங்கரலிங்கம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "முடிஞ்சிட்டாம்மா? நான் ஏதும் சொல்லணுமா?"

"ஆமென்னு சொல்லணும்" என்றேன்.

அவர் வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார். நானும் சொன்னேன். இத்தனை நாளாக முழங்கால் போட்டும் என் வாயில் வராத வார்த்தை அது. ஷீபா சொன்னாள். என் வீட்டுக்காரர் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

செப்டம்பர் 30

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றோம்.

இன்று சாயங்காலம் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். கழுத்தில் கட்டு, நடுவில் குழாய். மூச்சு அது வழியாக உஸ் உஸ் என்று போய் வருகிறது. எல்லாம் எடுத்தாகிவிட்டது, நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கட்டில் பக்கத்தில் நின்று, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தார். என்னைத் தேடிப் பிடித்தார்.

வாய் அசைந்தது. சத்தம் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். தண்ணீரா? இல்லை. ஷீபாவா? இல்லை. மறுபடி அசைத்தார், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. நான் குனிந்து உதட்டையே பார்த்தேன்.

சங்கரலிங்கம் என்கிறார்.

"அவரும் வெளிய வந்துட்டாரு. அந்தக் கடைசிக் கட்டில்லதான் இருக்காரு, தூங்குதாரு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.